அமெரிக்காவில் மருத்துவம் உரிமையா, சரக்கா? பில்லிங் வேலையிலிருந்து ஒரு பதில்

நண்பர் கேட்டது இது: அமெரிக்கத் தேர்தல் வந்தாலே மருத்துவம் உரிமையா, காசு கொடுத்து வாங்கும் சரக்கா என்று இரண்டு கட்சிகளும் மோதுகின்றன, அவ்வளவு பணக்கார நாட்டில் இது ஏன் இன்னும் தீரவில்லை, உண்மையில் அது இரண்டில் எது? இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக நினைக்கிறேன். பணமில்லாத ஒருவருக்கு அங்கே நோய் வந்தால் யாரிடம் போய்க் கேட்க முடியும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டியவர் யார் என்பதுதான் அது. அதற்கு நேரடியான பதில் உண்டு: ஆளைப் பொறுத்தது. வயது, வேலை, வருமானம், வசிக்கும் மாநிலம், குடியேற்ற நிலை, சில சமயம் எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்பதுகூட இதைத் தீர்மானிக்கும். ஒரே சிகிச்சை ஒருவருக்கு உரிமையாகவும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு விலைக்கு வாங்கும் பொருளாகவும் இருக்கிறது.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஏ.ஆர். காலிங், அதாவது வரவேண்டிய பணத்தைப் போனில் கேட்கும் வேலையில் சேர்ந்து, அப்புறம் டினையல் (நிராகரிப்பு), அப்பீல் (மேல்முறையீடு) என்று நகர்ந்தேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு இரவு ஷிஃப்டில் போன் போட்டு, இந்த கிளெய்முக்கு, அதாவது சிகிச்சைச் செலவுக் கோரிக்கைக்கு, ஏன் பணம் தரவில்லை என்று கேட்பதுதான் என் பிழைப்பு. மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பணம் எந்த வழியாக வருகிறது, எங்கே அடைபடுகிறது என்பதை நெருக்கமாகப் பார்த்தவன். ஆகவே சட்டம் பற்றி நான் சொல்வதை வேலைக்காகப் படித்துத் தெரிந்துகொண்ட அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியான விஷயம். அமெரிக்க அரசியல் சாசனத்தில் மருத்துவம் பெறும் பொதுவான உரிமை கிடையாது. அந்தச் சாசனம் பெரும்பாலும் அரசு மக்களை என்ன செய்யக்கூடாது என்று சொல்கிறதே தவிர, என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்வதில்லை. 1977இல் மேஹர் எதிர் ரோ வழக்கில், ஏழைகளின் மருத்துவச் செலவு எதையும் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்ற கடமை சாசனப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியது. அதற்கு முந்தைய வருடம்தான், எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில், சிறைக் கைதியின் கடுமையான நோயை அதிகாரிகள் தெரிந்தே கவனிக்காமல் விட்டால் அது கொடூரமான தண்டனை, அதைத் தடுக்கும் சாசனத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அரசு ஒருவரை அடைத்து வைத்து, அவரே வழி தேடிக்கொள்ள முடியாமல் செய்துவிட்டதால் பொறுப்பும் அரசுடையது என்பது தர்க்கம். எனவே சாசனத்தைக் காட்டி மருத்துவம் கேட்க முடிந்தவர்கள் அரசு அடைத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே. வெளியே இருக்கும் ஏழைக்கு அந்த வழி இல்லை. ஆரோக்கியத்தை மனித உரிமையாக ஏற்கும் 1966ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் 1977இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். செனட் இன்றுவரை ஒப்புதல் தரவில்லை. மாநில அளவில் ஆரிகன் மட்டும் 2022 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, கட்டுப்படியாகும் மருத்துவத்தைத் தன் மாநிலச் சாசனத்தில் உரிமையாக எழுதிக்கொண்டது. அதுவும் மயிரிழையில்தான் ஜெயித்தது.

சாசனத்தில் இல்லாவிட்டாலும் நாடாளுமன்றம் போட்ட சட்டங்களால் பல பேருக்கு உரிமை இருக்கிறது. 65 வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு, ஏழைகளில் சில வகையினருக்கு மெடிகெய்டு என்ற இன்னொன்று, முன்னாள் படைவீரர்களுக்குத் தனி மருத்துவமனைகள், 1997 முதல் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திட்டம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்நாட்டின் மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதி ஏதோ ஒரு வகையில் அரசுப் பணம். "அமெரிக்காவில் எல்லாம் தனியார்தான்" என்று நம்மூரில் சொல்வது சரியல்ல.

அவசர சிகிச்சையும் அந்தப் பட்டியலில் உண்டு. 1980களில் பணமில்லாத நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுவது பெரிய பிரச்சினையானது. 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அதைத் தடுத்தது. மெடிகேர் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையும், அவசரப் பிரிவுக்கு வரும் யாரையும் பரிசோதிக்க வேண்டும், அவசர நிலை என்று தெரிந்தால் நிலைமையைச் சீராக்க வேண்டும். பணம், காப்பீடு, குடியுரிமை எதையும் காரணம் காட்டித் தாமதிக்கக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் இரண்டு விஷயத்தை அது தொடவில்லை. நிலைமை சீரானதோடு கடமை முடிந்துவிடும்: புற்றுநோய்க் கட்டி குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை கிடைக்கும், அதன் பிறகு வேண்டிய கீமோதெரபி கிடைக்காது. இன்னொன்று, சிகிச்சை மறுக்கப்படாது என்றாலும் பில் வரும். அந்தச் செலவை ஈடுகட்ட அந்தச் சட்டத்தில் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை.

சிறுநீரகத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான முழு விடையும் அதற்குள் இருக்கிறது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் டெஃப்லான் குழாய் ஒன்றை உருவாக்கினார். அதுவரை டயாலிசிஸ் என்பது சில தடவை மட்டுமே செய்ய முடிந்த சிகிச்சை; ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக்குழாய் வீணாகும். இந்தக் குழாய் வந்த பிறகு சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தவரும் வருடக்கணக்கில் வாழலாம் என்றானது. ஆனால் எந்திரங்கள் மிகக் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஒரு குடும்பத் தலைவி, ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்று போகும் அந்தக் குழு. கல்யாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்து, யார் வாழலாம் என்று தீர்மானித்தார்கள். 1962இல் லைஃப் பத்திரிகை இதை விரிவாக எழுதியபோது நாடே அதிர்ந்தது.

பத்து வருடம் கழித்து, 1972 அக்டோபரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட ஒரு சட்டத் திருத்தம், நிரந்தரமாகச் சிறுநீரகம் செயலிழந்த ஏறக்குறைய எல்லோருக்கும், வயது எதுவானாலும், மெடிகேர் தரும் என்றது. வேலை செய்து சமூகப் பாதுகாப்பு வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது அப்படிக் கட்டியவரின் துணையாகவோ பிள்ளையாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. செனட்டில் பெரிய விவாதம்கூட நடக்கவில்லை. யார் வாழ்வது என்று ஒரு குழு உட்கார்ந்து தீர்மானிப்பதை மக்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள், அதைத் தொடர விட அவர்களால் முடியவில்லை. ஒரே ஓர் உறுப்புக்கு அமெரிக்காவில் பொது மருத்துவம் வந்த கதை இது. இதயத்துக்கு வரவில்லை, கல்லீரலுக்கு வரவில்லை.

சரி, அந்த உரிமையை இன்று யார் நிறைவேற்றுகிறார்கள்? பெரும்பாலும் லாபத்துக்காக நடக்கும் நிறுவனங்கள். டாவிட்டா, ஃப்ரெசீனியஸ் என்ற இரண்டு நிறுவனங்கள்தான் அமெரிக்க டயாலிசிஸ் நோயாளிகளில் பெரும்பான்மையினரைப் பார்க்கின்றன. நோயாளிக்கு வேலை வழியாகக் காப்பீடு இருந்தால் முதல் 30 மாதங்கள் அந்தக் காப்பீடுதான் முதலில் பணம் தர வேண்டும், மெடிகேர் இரண்டாவதாகத்தான் தரும். தனியார் காப்பீடு மெடிகேரைவிடப் பல மடங்கு கொடுக்கும் என்பதால் டயாலிசிஸ் நிறுவனங்களின் லாபம் பெரும்பாலும் அந்த 30 மாதங்களில்தான் இருக்கிறது. எங்கள் வேலையில் டயாலிசிஸ் கிளெய்ம் கையில் வந்தால் முதலில் சரிபார்ப்பதே இந்தத் தேதியைத்தான். நோயாளிக்கு அது உரிமை, சிகிச்சை தருபவருக்கு அது வியாபாரம். இரண்டும் ஒரே நாற்காலியில், ஒரே நான்கு மணி நேரத்தில் நடக்கின்றன. உரிமையா சரக்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அரசியல் மேடைப் பேச்சு எனக்கு எப்போதும் குறையாகப் படுவது இதனால்தான். அதே ஊரில் ஆவணமில்லாத குடியேறி ஒருவருக்குச் சிறுநீரகம் போனால் மெடிகேர் கிடையாது. டெக்சாஸ் போன்ற இடங்களில் பலர், மூச்சு முட்டி, ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும்வரை காத்திருந்து, அவசரப் பிரிவுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். 1986 சட்டம் அவர்களுக்குக் கொடுப்பது அது மட்டும்தான். வாரத்துக்கு மூன்று முறை முறையாகச் செய்வதைவிட இதற்குச் செலவும் அதிகம், சாவும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு 2019இல் கொலராடோ மாநிலம் தன் விதியை மாற்றிக்கொண்டது.

இந்த ஒட்டுப்போட்ட அமைப்பு எப்படி வந்தது? யாரும் உட்கார்ந்து திட்டமிட்டது அல்ல. 1929இல் டல்லாஸில் பேலர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்கள் மாதம் 50 சென்ட் கட்டினால் 21 நாள் மருத்துவமனைப் பராமரிப்பு என்று ஒரு ஏற்பாடு செய்தது. ப்ளூ கிராஸ் என்ற காப்பீட்டு அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆட்களுக்குத் தட்டுப்பாடு, சம்பளத்தையோ கூட்ட முடியாது. காப்பீடு கொடுத்தால் அது சம்பளக் கணக்கில் சேராது என்பதால் கம்பெனிகள் அதைக் கொடுத்து ஆள் பிடித்தன. அந்தப் பணத்துக்கு வரி கிடையாது என்பதை 1954 வரிச் சட்டம் உறுதிப்படுத்தியது. போர் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆன பிறகும் இன்று 15 கோடிப் பேருக்கு மேல் வேலை வழியாகத்தான் காப்பீடு. இந்த வரிச்சலுகை மத்திய அரசு தரும் சலுகைகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, ஆனால் அதைப் பெறுபவர்களில் பலர் தாங்கள் அரசு உதவி பெறுவதாகவே நினைப்பதில்லை. அரசியலில் இதன் விளைவு பெரிது. கையில் நல்ல காப்பீடு இருக்கும் நடுத்தர மக்கள், எல்லோருக்கும் பொதுவான திட்டம் என்று கேட்டதும் முதலில் பயப்படுவது தங்களுடையது போய்விடுமோ என்றுதான்.

நம் ஐ.டி. பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் காப்பீடும் போகும். கோப்ரா என்ற சட்டப்படி பொதுவாக 18 மாதம் அதே காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும், மேலே 2 சதவீதத்தையும் நாமே கட்ட வேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில்.

அதிபர் ட்ரூமன் 1945 நவம்பரில் எல்லோருக்கும் தேசியக் காப்பீடு கேட்டார். அமெரிக்க மருத்துவர் சங்கம் பெரும் பணம் செலவழித்து, இது சோஷலிச மருத்துவம் என்று பிரச்சாரம் செய்து அதைத் தோற்கடித்தது. இருபது வருடம் கழித்து அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று மிசூரியில் இருக்கும் ட்ரூமன் நூலகத்துக்கே போய் மெடிகேர், மெடிகெய்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். எல்லோருக்கும் என்று கேட்டது முதியோருக்கும் ஏழைகளில் ஒரு பகுதியினருக்கும் என்று சுருங்கியிருந்தது. சுருங்கினாலும் அதன் வலிமை சாதாரணமல்ல. அந்தப் பணம் வேண்டுமென்றால் இனப்பாகுபாட்டைக் கைவிட வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டதால், 1966இல் தென்மாநிலங்களில் வெள்ளையருக்குத் தனி வார்டு, கறுப்பருக்குத் தனி வார்டு என்று நடத்திவந்த மருத்துவமனைகள் சில மாதங்களில் அந்த முறையை விட்டன. நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் செய்ய முடியாததைப் பணம் தரும் சட்டம் ஒன்று செய்தது.

இனி நான் நேரில் பார்ப்பது. ஒரு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அதோடு ஒரு குறியீடு வரும். சி.ஓ. என்று தொடங்கினால் ஒப்பந்தப்படி அந்தத் தொகையை மருத்துவமனை தள்ளுபடி செய்ய வேண்டும், நோயாளியிடம் கேட்கக்கூடாது. பி.ஆர். என்று தொடங்கினால் அது நோயாளி கட்ட வேண்டியது. சி.ஓ. 50 என்றால் இந்தச் சிகிச்சை மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கருதுகிறது. சி.ஓ. 197 என்றால் முன் அனுமதி வாங்கவில்லை. பி.ஆர். 1 என்றால் டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் வருடா வருடம் நோயாளி தன் கையிலிருந்து கொடுத்து முடிக்க வேண்டிய தொகை. உரிமையா சரக்கா என்ற பெரிய விவாதம் எங்கள் திரையில் இந்த இரண்டு எழுத்துகளாகத்தான் வந்து நிற்கும்.

நிராகரித்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதில்தான் உண்மையான வித்தியாசம். வழக்கமான மெடிகேர் நோயாளி என்றால் ஐந்து படிகள் உண்டு: முதலில் மறுபரிசீலனை, அடுத்து வெளியே இருக்கும் சுயேச்சையான அமைப்பு, மூன்றாவதாக நிர்வாக நீதிபதி முன் விசாரணை, பிறகு மேல்முறையீட்டுக் குழு, கடைசியில் மத்திய நீதிமன்றம். மெதுவானது, அலுப்பானது. ஆனால் சட்டம் எனக்குத் தந்ததை நீ தரவில்லை என்று ஒரு நீதிபதி முன் சொல்ல முடிகிறது. கம்பெனி வழியாக வரும் காப்பீட்டில் நிலைமை வேறு. 1974இல் முக்கியமாக ஓய்வூதியத்தைப் பாதுகாக்க வந்த எரிசா என்ற சட்டம் இதையும் ஆள்கிறது. நிறுவனத்துக்குள்ளே அப்பீல் உண்டு, ஒபாமா கொண்டுவந்த 2010 சட்டத்துக்குப் பிறகு வெளியே ஒரு பரிசீலனையும் உண்டு, வழக்கும் போடலாம். ஆனால் ஜெயித்தால் கிடைப்பது மறுக்கப்பட்ட அந்தச் சிகிச்சையோ அதற்கான தொகையோதான். மறுத்ததால் நோய் முற்றியது, வேலை போனது என்று இழப்பீடு கேட்க முடியாது. 2004இல் ஏட்னா எதிர் டவிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை உறுதி செய்தது. சட்டத்தைத் திருத்துங்கள் என்று நீதிபதி கின்ஸ்பர்க் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். இன்னும் திருத்தவில்லை. எத்தனை பேர் அப்பீல் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கிய திட்டங்களில் நிராகரிக்கப்படும் கிளெய்ம்களில் நோயாளிகள் அப்பீல் செய்வது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜில் மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை என்று சுகாதாரத் துறையின் தணிக்கை அலுவலகம் 2022இல் கண்டறிந்தது. போனை வைத்துவிட்டு, இந்த நோயாளிக்கு யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பாரே என்று நினைத்த இரவுகள் எனக்கு நிறைய உண்டு.

சரக்கு என்று சொல்பவர்களின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு சொல்ல வேண்டும். மருத்துவம் என்பது இன்னொரு மனிதரின் உழைப்பு. அதை உரிமை என்றால் அவரை வற்புறுத்தி வேலை வாங்கும் அதிகாரம் எனக்கு வந்துவிடுகிறது என்பது அவர்களின் மையக் கருத்து. கென்டக்கி செனட்டரும் கண் மருத்துவருமான ராண்ட் பால் 2011இல் செனட் விசாரணை ஒன்றில் இதை அடிமைத்தனத்தோடு ஒப்பிட்டே பேசினார். அந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் தர வேண்டும் என்று அமெரிக்கச் சாசனமே சொல்கிறது, அதனால் எந்த வழக்கறிஞரும் அடிமையாகவில்லை, அரசு சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறது. ஆனால் அவர்களின் இன்னொரு வாதம் கனமானது. இலவசமாகக் கிடைத்தால் தேவைக்கு மேல் பயன்படுத்துவார்கள், விலை என்ற கட்டுப்பாடு வேண்டும் என்பது அது. 1974 முதல் 1982 வரை ராண்ட் (RAND) என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் குலுக்கல் முறையில் சேர்த்து இதைச் சோதித்தது. கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள், சராசரி ஆளின் உடல்நலம் அதனால் பெரிதாகக் கெடவில்லை. இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதே ஆய்வில், மக்கள் தேவையில்லாத சிகிச்சையைக் குறைத்த அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்தார்கள். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவசத் திட்டத்தில்தான் அது இன்னும் நன்றாகக் கட்டுக்குள் வந்தது.

பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963இலேயே இதன் காரணத்தை விளக்கிவிட்டார். நோய் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் என்ன வாங்க வேண்டும் என்பதை விற்பவரிடமே கேட்க வேண்டும். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்து வாங்குவதுபோல இதைச் செய்ய முடியாது. நான் சேர்ப்பது ஒன்றுதான்: விலையே தெரியாது. மருத்துவமனைகள் விலையை வெளியிட வேண்டும் என்ற மத்திய விதி 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் ஒரே எம்.ஆர்.ஐ.க்கு ஒரே மருத்துவமனையில் காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்து பல விலைகள். காப்பீடு இல்லாதவருக்குப் போகும் முதல் பில்லில் இருப்பது பெரும்பாலும் அவற்றிலேயே உயர்ந்த விலை. விலை தெரியாத சந்தையில் விலை எப்படி ஒழுங்கைக் கொண்டுவரும்?

கட்சி அரசியலுக்கு வருகிறேன். 2008 அக்டோபரில் அதிபர் வேட்பாளர்களின் விவாதத்தில் நெறியாளர் டாம் ப்ரோகா, மருத்துவம் சலுகையா, உரிமையா, பொறுப்பா என்று நேராகவே கேட்டார். குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயின் பொறுப்பு என்றார். ஒபாமா உரிமையாக இருக்க வேண்டும் என்றார், புற்றுநோயில் இறந்த தன் அம்மா மருத்துவமனையில் படுத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தோடு போராடியதைச் சொன்னார். ஆனால் அவர் 2010இல் கொண்டுவந்த சட்டம் வேறு காப்பீடு இல்லாதவர்களைத் தனியார் காப்பீடு வாங்கச் சொன்னது, வாங்க அரசு உதவித்தொகை தந்தது. இந்த யோசனை 1989இல் வலதுசாரி ஹெரிட்டேஜ் அறக்கட்டளை முன்வைத்தது. 2006இல் மாசசூசெட்ஸில் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி நடைமுறைப்படுத்தியதும் கிட்டத்தட்ட இதுவே. உரிமை என்ற லட்சியத்தை சந்தை வழியாக அடையும் முயற்சி. ஏற்கெனவே நோய் இருந்தால் காப்பீடு மறுக்கக்கூடாது என்ற ஒரு விதிக்காகவே அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

அதன் ஓட்டை 2012இல் விழுந்தது. அந்தச் சட்டம் சொன்னபடி மெடிகெய்டை விரிவாக்க மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் மெடிகெய்டு கிடைக்கும் என்று நம்பி எழுதிய சட்டம் என்பதால் உதவித்தொகையை அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா உட்பட 10 மாநிலங்கள் இன்னும் விரிவாக்கவில்லை. டெக்சாஸில் குழந்தை இல்லாத, ஊனமில்லாத, 65 வயதாகாத ஒருவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிகெய்டு இல்லை. ஏழை என்பதாலேயே உதவித்தொகையும் இல்லை. வருமானம் கொஞ்சம் கூடினால்தான் உதவி கிடைக்கும். இந்த இடைவெளியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விழுந்து கிடக்கிறார்கள். அமெரிக்க மருத்துவத்தில் நியாயப்படுத்தவே முடியாதது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆதாரங்கள் எங்கே உறுதி, எங்கே சந்தேகம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். 2023இல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர், மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம், அப்படியும் 8 சதவீதம் பேருக்குக் காப்பீடு இல்லை. இது கணக்கு, கருத்து இல்லை. காப்பீடு கொடுத்தால் உடல்நலம் எவ்வளவு மேம்படும் என்பதில்தான் விவாதம் உண்டு. ஆரிகன் 2008இல் குலுக்கல் முறையில் மெடிகெய்டு கொடுத்தது. இரண்டு வருடத்தில் கடன் சுமை வெகுவாகக் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் உறுதியாகச் சொல்லும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. உரிமை வேண்டும் என்பவர்கள் இந்த முடிவை மறைக்கக்கூடாது. வேறொரு பக்கம், காப்பீடு இல்லாததற்காக அபராதம் கட்டிய லட்சக்கணக்கானவர்களுக்கு 2017இல் வரித்துறை கடிதம் அனுப்பியது. சிலருக்குக் குலுக்கல் முறையில் அனுப்பாமல் விட்டது. கடிதம் பெற்று அதிகமாகக் காப்பீட்டில் சேர்ந்த 45 முதல் 64 வயதுக்காரர்களிடையே மரணம் குறைந்திருந்தது. எனக்கு இந்த இரண்டாவது சான்று கனமாகத் தெரிகிறது, ஆனால் விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தனியார் காப்பீடு இருந்தால் எல்லோருக்கும் மருத்துவம் சாத்தியமில்லை என்பதும் தவறு. சுவிட்சர்லாந்தும் நெதர்லாந்தும் தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டே எல்லோரையும் சேர்த்திருக்கின்றன. அங்கே சேர்வது கட்டாயம், அடிப்படைக் காப்பீட்டில் யாரையும் மறுக்க முடியாது, அரசின் கட்டுப்பாடும் கடுமையானது.

என் நிலைப்பாடு: உரிமையாக்க வேண்டும். வழங்குவது அரசா தனியாரா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. இல்லை என்று சொல்லப்பட்டவர் எவராக இருந்தாலும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சுயேச்சையான நீதிபதிவரை போய்க் கேட்க வழி இருக்க வேண்டும். அமெரிக்கா இதை முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது, எனவே செய்யத் தெரியாத நாடு அல்ல. பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் ஒவ்வொரு தேர்தலிலும் சண்டை. நோய்க்குத் தகுதி பார்க்கக் கூடாது என்று ஒரு கட்சி நகரும்போது, உழைப்பவருக்கே உதவி என்று இன்னொரு கட்சி இழுக்கிறது.

2025 ஜூலையில் வந்த சட்டம் அந்த இழுப்பின் அண்மைய உதாரணம். மெடிகெய்டு விரிவாக்கத்தில் சேர்ந்த, விலக்கு இல்லாத வயதுவந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்வதாகக் காட்டினால்தான் மெடிகெய்டு. 2027 ஜனவரிக்குள் மாநிலங்கள் இதைத் தொடங்க வேண்டும், சில மாநிலங்கள் அவகாசம் பெறலாம். அந்தச் சட்டத்தால் 2034க்குள் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்பது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. மதிப்பீடு என்பதால் கூடலாம், குறையலாம். ஆனால் ஆர்கன்சா 2018இல் இதையே செய்து பார்த்தது. சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள், வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கை கூடவில்லை, 2019இல் நீதிமன்றம் அதை நிறுத்தியது. வேலை செய்துகொண்டிருந்தவர்களிலேயே பலர் அதை மாதாமாதம் பதிவு செய்யத் தெரியாமலோ முடியாமலோ விழுந்தார்கள். படிவம் ஒன்று விட்டுப்போனதால் கிளெய்ம் விழுவதை நான் வாரம் முழுக்கப் பார்க்கிறேன், எனவே இதில் எனக்கு ஆச்சரியமில்லை, கவலை உண்டு. அப்பீல் நடைமுறை பற்றியோ, அங்கே இருக்கும் உங்கள் வீட்டாருக்கு வந்த நிராகரிப்புக் கடிதம் பற்றியோ கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் காரணக் குறியீட்டையும் அப்பீல் செய்யக் கடைசித் தேதியையும் மட்டும் முதலில் பார்த்து வையுங்கள்.